நாலு விரல் இடைவெளி

காம்போ ஏழு,
14 மார்ச் 1994

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு யுஸ்தினா எழுதுவது.

நானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் சாந்தா குரூசில் எந்தத் தெருவில், எந்தக் கூரையின் கீழ் படுக்கிறீர்கள் என்பதைப் பால் லாரி எலியோடோரோவின் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவரிடம்தான் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையால் ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துபோகுமா?

நேத்தாவின் வயிற்றுத் தையல் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிப் பெருமை அடித்தாளாம். பெருமை பாவம் என்று ஆசிரியர் மூலையில் நிற்க வைத்தார். நின்றுவிட்டு வந்து மறுபடியும் சொல்லியிருக்கிறாள். யார் பிள்ளை!

பால் கேன்களை என் பெயரில் வைப்பதால் பாலாடைக்கட்டிக் கூடத்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் கை பட்டது என்றால் வேண்டாமாம்.

சின்ன மேசை அப்படியே இருக்கிறது. சபை உங்களை விலக்கிய அன்று நீங்களும் நானும் சேர்ந்து அதைப் பெரிய மேசையிலிருந்து இழுத்து வைத்தோமே, அதே நாலு விரல் இடைவெளியோடு. விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பதுதானே சட்டம். ஒரே விரிப்பைப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் கல்யாண விரிப்பு இரண்டையும் மூடிக்கொண்டு கிடக்கிறது. நடுவில் தொய்ந்த பள்ளத்தில் சின்னவள் திரூதி சூரியகாந்தி விதைகளை உருட்டி விளையாடுகிறாள். உங்கள் பக்கத்தையும் நான் தினம் துடைக்கிறேன், யாரும் சாப்பிடாவிட்டாலும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூப்பர் லோவன் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஓடை பெருகிக் குதிரை இறங்க மறுத்ததும், பிள்ளை குடல்வால் வீங்கித் துடித்ததும் அவருக்குத் தெரியும். இரும்புச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஊர்ந்து போயிருந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் பிள்ளை போய்ச் சேர்ந்திருப்பாள் என்றும் தெரியும். ஆனாலும் பக்கத்துப் பண்ணை பொலிவியக்காரரிடம் ரப்பர் டயர் வாங்கி மாட்டி டிராக்டரை ஓட்டியது, இரும்புச் சக்கரம் மட்டுமே என்கிற சபை ஒழுங்கை மீறியது. அதற்கு அவர் கேட்பது ஒன்றே ஒன்று. சபை நடுவில் முழங்கால் போட்டு, "அது பாவம், மனம் வருந்துகிறேன்" என்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்துத் தூக்கி முத்தமிட்டுச் சேர்த்துக்கொள்வார்.

சொல்லிவிடுங்களேன். முழங்கால் தேய்ந்துவிடாது. தினம் தினம் தன்னை வெறுத்துச் சிலுவையை எடுக்கச் சொன்னவருக்குப் பின்னால்தானே நடக்கிறோம்? வீட்டுக்கு வாருங்கள்.

பெரிய மேசையிலிருந்து,
யுஸ்தினா


சாந்தா குரூஸ்,
23 மார்ச் 1994

அன்பு யுஸ்தி,

மை தீரவில்லை. எழுதினால் அழுதுவிடுவேனோ என்று பயந்து எழுதவில்லை. இதோ எழுதுகிறேன், அழவும் செய்கிறேன், உனக்குத் திருப்திதானே?

சிலுவையை எடு என்கிறாய். நான் பரிசுத்தச் சிலுவை என்று பெயர் வைத்த ஊரிலேயே குடியிருக்கிறேன். இதற்கு மேல் எப்படி எடுக்க?

ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. முதலாளி டான் சவீனோ நல்ல மனுஷர், வாய் மட்டும் ஓயாது. பட்டறை வாசலில் ஒரு கிழவி காலையில் குன்யாப்பே சுடுகிறாள். சூட்டோடு தின்றால் பாலாடைக்கட்டி இழுபடும். நீ பார்த்தால் "அதுவும் ஒரு ரொட்டியா" என்பாய். எனக்குப் பிடித்திருக்கிறது.

சிரிக்காமல் கேள். போன வாரம் நம் ஊரிலிருந்து இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். புது டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் வேண்டுமாம். சாந்தா குரூசில் அதைச் சரியாகப் பற்றவைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். செய்து கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கக் கூடாதே! சக்கரத்தைத் தரையில் வைத்து நான் நாலு அடி பின்னால் போனேன். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். டான் சவீனோ வாயைப் பிளந்தார். "என்னப்பா, உனக்கு அம்மை கிம்மையா?" என்றார். டிராக்டர் யாருடையது தெரியுமா? மூப்பர் லோவனுடையது. விலக்கப்பட்டவன் பற்றவைத்த சக்கரத்தில் ஒழுங்கு உருண்டு வரட்டும்.

இப்போது உன் கேள்விக்கு. டயரைக் கழற்று என்றார்கள், அன்றைக்கே கழற்றினேன். டிராக்டரை விற்றுவிடு என்றால் விற்றிருப்பேன். அடிக்கக் கன்னத்தைக் காட்டு என்றாலும் காட்டியிருப்பேன். என்னுடையது எதைக் கேட்டாலும் கொடுப்பேன், யுஸ்தி. ஆனால் அது பாவமில்லை என்பது உண்மை. உண்மை என்னுடையது இல்லையே, விட்டுக்கொடுக்க. தேவன் முன்னால் பொய் சொல்லிவிட்டு அதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்க எனக்கு வராது. முழங்கால் போட மாட்டேன்.

நேத்தாவிடம் சொல், மூலையில் நின்றாலும் நிமிர்ந்து நிற்கச் சொல்.

சின்ன மேசைக்காரன்,
கொர்நேலியு


காம்போ ஏழு,
6 ஏப்ரல் 1994

கொர்நேலியுவுக்கு,

கடிதம் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை உங்களுடையது இல்லையாம். மாடுகள் யாருடையவை? அவற்றையும் கர்த்தரே வந்து கறப்பார் என்று நினைத்தீர்களோ?

தன்னை வெறுப்பது என்னவென்று எனக்கு நீங்களும் பிரசங்கம் பண்ண வேண்டாம், மூப்பரும் பண்ண வேண்டாம். விடியுமுன் எழுந்து கறக்கும்போது விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் பாவாடையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா என்னைப் பார்த்து உதட்டைக் கடிக்கிறாள். நீங்கள் ஒரே ஒரு தடவை, ஊரே பார்க்க, பெரிதாக நிமிர்ந்து நின்றுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் தினமும் குனிகிறேன். என்னை யாரும் பார்ப்பதில்லை. எது கஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் மூப்பர் வந்தார். மேசைகளுக்கு நடுவே கையை வைத்து அளந்து பார்த்தார், நாலு விரல் சரியாக இருக்கிறதா என்று. விரிப்பைப் பார்த்து முகம் சுளித்தார். உட்கார்ந்து காப்பி குடித்தார். பிறகு ஆரம்பித்தார்.

"யுஸ்தினா, பெந்தெகொஸ்தே வருது. அன்னைக்கு இராப்போஜனம். உன் மனசுல சமாதானம் இருக்கா?"

"இல்ல மூப்பரே."

"இருக்காது. ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க. அவன் மனந்திரும்புற வரைக்கும் கடிதம் வேண்டாம், மேசை வேண்டாம், படுக்கை வேண்டாம்னு சபை முன்னாடி எழுந்து ஒரு 'ஆமா' சொல்லிடு. விட்டுடு பிள்ளை. எல்லாத்தையும் விடுறதுதான் விசுவாசம்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நீயும் வெளியதான். நான் வருத்தப்பட்டுதான் சொல்றேன்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், கண் கலங்கியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

பெந்தெகொஸ்தே மே இருபத்திரண்டு. அதற்குள் உங்கள் முழங்கால் மடங்க வேண்டும், இல்லாவிட்டால் என் வாய் 'ஆமா' சொல்ல வேண்டும். வேறு வழி இருந்தால் எழுதுங்கள். அழகான வாக்கியம் வேண்டாம்.

யுஸ்தினா


சாந்தா குரூஸ்,
17 ஏப்ரல் 1994

அன்பு யுஸ்தி,

நீ சொன்னது சரி. நான் ஒரு தடவை நிமிர்ந்ததற்கு நீ தினம் குனிகிறாய். இதை நான் யோசிக்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாளாகப் பட்டறையில் ஒன்றும் ஓடவில்லை. நேற்று ஒரு இரும்புக் கேட்டைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டேன்.

வருகிறேன். பெந்தெகொஸ்தேவுக்கு முதல்நாள் எலியோடோரோ வண்டியில் வந்துவிடுகிறேன். முழங்கால் போடுகிறேன். பாவம் என்று சொல் என்றால் பாவம் என்கிறேன். அவர்கள் கேட்கிற ஆலயத்து ஜெர்மனில், அவர்கள் கேட்கிற சத்தத்தில். அந்த ஒரு நிமிஷம் நான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மூப்பரிடம் சொல்லிவிடு. நீ 'ஆமா' சொல்ல வேண்டாம்.

மேசைகளைச் சேர்த்துப் போட யாரிடமாவது கை உதவி கேள், பெரியது கனம்.

உன் கொர்நேலியு


காம்போ ஏழு,
2 மே 1994

என் பிரியமானவருக்கு,

வராதீர்கள்.

முதலில் இதைப் படியுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். உங்கள் கடிதம் வந்ததும் நான் சிரித்தேன், அடுப்பங்கரையில் தனியாகக் கூத்தாடினேன். நேத்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வருகிறார், முழங்கால் போடப்போகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா அப்படிச் சொன்னா, என்னைத் தூக்கிக்கிட்டுப் போனது பாவம்னு ஆயிடுமாம்மா?"

"அது டயரைப் பத்தி கண்ணு. உன்னைப் பத்தி இல்ல."

"டயர் இல்லாட்டி நான் செத்திருப்பேன்ல?"

"ம்."

"அப்போ நான் செத்திருந்தா அப்பா பாவம் பண்ணலைன்னு ஆகும். நான் இருக்கிறதாலதான் பாவம்."

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கூட்டலும் கழித்தலும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைத்தான் செய்தாள். நான் உருளைக்கிழங்கை வாங்கி உரிக்க ஆரம்பித்தேன், தோலோடு சதையையும் சேர்த்துச் சீவித் தள்ளினேன்.

உங்களிடம் நான் எதைக் கேட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. உங்களை விட்டுக்கொடுங்கள் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளையைக் கைவிடக் கேட்டிருக்கிறேன். விடு விடு என்று மூப்பர் ஒரே வார்த்தையை உருட்டுகிறாரே, அதில்தான் வழுக்கல். ஆலயத்து ஜெர்மனிலும் விட்டுக்கொடுப்பதும் கைவிடுவதும் ஒரே வேரில் முளைத்தவைதான். வாய் கொஞ்சம் தடுமாறினால் ஒன்று இன்னொன்றாகிவிடும். எனக்கு வாய் தடுமாறிவிட்டது.

நீங்கள் அங்கே இல்லாத மாதிரி நினைத்துக்கொண்டு முழங்கால் போடுவீர்களாம். நீங்கள் இல்லாமல் எழுந்து வருகிற அந்த ஆளை நான் என்ன செய்ய? அவனுக்கு ஒன்றும் சமைத்துப் போட மாட்டேன்.

பட்டறையிலேயே இருங்கள். கேட்டுகளை நேராகப் பற்றவையுங்கள். நான் எழுதும்வரை நகராதீர்கள்.

யுஸ்தினா


சாந்தா குரூஸ்,
11 மே 1994

யுஸ்தி,

என்ன செய்யப்போகிறாய்? உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பேனாவைக் குத்திக் குத்தி எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பாவை எதிர்த்து எனக்குக் கடிதம் போட்டபோதும் இப்படித்தான் எழுதினாய்.

நேத்தா கேட்டதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய் நின்றேன். டான் சவீனோ வந்து தோளில் கை வைத்தார். அவர் வாய் அன்றைக்கு ஓய்ந்திருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் வெளியே இருப்பதைத் தாங்கிக்கொள்வேன். எனக்கு இரும்பு இருக்கிறது, ஊர் இருக்கிறது. உனக்கு அந்த ஆலயத்துப் பெஞ்சு, அந்த நீளப் பாட்டுகள், சனிக்கிழமை பன் சுடும்போது வாசலில் கூடுகிற பெண்கள், இவர்கள்தான் எல்லாம். என்னால் அது உன்னை விட்டுப் போனால் நான் என்னை மன்னிக்க மாட்டேன். 'ஆமா' சொல்லிவிடு. நான் கோபப்பட மாட்டேன். நாலு விரல் என்ன, நாலு மைல் இடைவெளி விட்டாலும் சாப்பிடுகிறேன்.

நீ 'ஆமா' சொல்ல வேண்டும், கேட்டாயா? இது உன் புருஷன் சொல்.

கொர்நேலியு


காம்போ ஏழு,
24 மே 1994

என் கொர்நேலியுவுக்கு,

உங்கள் சொல்லைக் கேட்கவில்லை. கீழ்ப்படியாமை ஒன்று, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு நல்ல வெயில். கறுப்பு உடையை இஸ்திரி போட்டு உடுத்தினேன், பிள்ளைகளுக்குப் பின்னல் இறுக்கமாகப் போட்டேன். ஆலயம் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் தொப்பிகள் தொங்குகிற வரிசையில் உங்கள் ஆணி மட்டும் காலி. யாரும் அதில் மாட்டுவதில்லை, பார்த்தீர்களா? பாட்டு முடிந்ததும் மூப்பர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து நின்று 'ஆமா' சொல்ல வேண்டிய இடம் அது.

எழுந்தேன். நிற்கவில்லை. நடந்து போய் நடுவில் முழங்கால் போட்டேன்.

ஆண்கள் முழங்கால் போடுகிற இடத்தில் நான் போட்டதும் ஒரு சலசலப்பு. எனக்கு ஆலயத்து ஜெர்மன் சரியாக வராது என்று உங்களுக்குத் தெரியும். பாடத் தெரியும், பேசத் தெரியாது. அதனால் வீட்டுப் பேச்சிலேயே பேசினேன். அந்தச் சுவர்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"டயரைக் கொண்டாங்கன்னு சொன்னது நான். அவர் நட்டு முறுக்கும்போது சக்கரத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னதும் நான். இத்தனை நாளா அவர் மட்டும் வெளிய நிக்கறார், நான் உள்ள உக்காந்து பாடிக்கிட்டிருந்தேன். அதுக்காகத்தான் முழங்கால் போடறேன். டயருக்காக இல்ல. அது பாவமில்ல. எம் பிள்ளை அதோ பெஞ்சில உக்காந்திருக்கா, எல்லாரும் நல்லா பாத்துக்கங்க."

நேத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீங்கள் சொன்னது போலவே.

மூப்பரும் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டார். "யுஸ்தினா, பெருமை உன்னைப் பிடிச்சிருக்கு. அவனோட சாப்பிட மாட்டேன்னு மட்டும் சொல்லு. இது இங்கயே முடிஞ்சிரும். உன்னையே நீ வெறுக்கணும் பிள்ளை."

"வெறுக்கறேன் மூப்பரே. என்கிட்ட இருக்கிறது எது வேணும்? இந்தப் பெஞ்சா? எடுத்துக்கங்க. எம் பேரா? எடுத்துக்கங்க. இராப்போஜனமா? அழுதுகிட்டே தரேன், எடுத்துக்கங்க. அவரைக் கேக்காதீங்க. கல்யாணத்தன்னைக்கு நீங்கதானே என் கையப் பிடிச்சி அவர் கையில வச்சீங்க? குடுத்தத திருப்பிக் கேக்கறது எந்த ஊரு ஒழுங்கு?"

யாரோ ஒருவர் ஆண்கள் பக்கத்தில் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

ஒரு பெண் முழங்கால் போட்டால் மூப்பரின் மனைவிதான் வந்து கையைப் பிடித்துத் தூக்கி முத்தமிட வேண்டும். ஹெலேனா முன்வரிசையில் இருந்தாள். மூப்பர் தலையசைக்கவில்லை, அவள் எழவில்லை. கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். பிறகு நானே எழுந்தேன். முழங்கால் மடக்கென்று நெட்டி முறிந்த சத்தம் கடைசிப் பெஞ்சு வரை கேட்டிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் என் பெயரை வாசித்து விலக்கினார்கள். வண்டியில் ஏறி வீடு வரைக்கும் அழுதேன். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அந்தப் பாட்டுகளை இனி யாரோடு பாடுவேன்? அது எனக்கு வலிக்கிறது, நன்றாகவே வலிக்கிறது. ஆனால் அது என்னுடையது. அதனால் கொடுத்தேன். யாரும் பிடுங்கவில்லை.

நேற்றுக் காலை பாலாடைக்கட்டிக் கூடத்தில் என் பாலைத் திருப்பிவிட்டார்கள். எலியோடோரோ கேன்களைத் தன் லாரியில் தூக்கிப் போட்டார். "பட்டணத்துல குடிக்க ஆள் இல்லையா, டோன்யா யுஸ்தினா? பசுவையுமா சபையவிட்டு நீக்கிட்டாங்க?" என்றார்.

மத்தியானம் ஹெலேனா வந்தாள், தனியாக. ஒரு கூடை பன் கொண்டுவந்தாள். விலக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம், அவர்கள் கையிலிருந்து வாங்கத்தான் கூடாது. அதனால் பன்னை எடுத்துக்கொண்டு காலிக் கூடையை வேலிக் கம்பத்தில் மாட்டப் போனேன். அவள் கையை நீட்டினாள். என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். நான் வாசலில் வெகுநேரம் நின்றேன்.

இப்போது கேளுங்கள். நேற்று மாலை மேசைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விலக்கப்பட்டவர் சபையாரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. சரி. விலக்கப்பட்டவர் இரண்டு பேர் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று ஒழுங்கில் எங்கேயும் இல்லை. பிள்ளைகள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கும் வயதுக்கு வரவில்லை, அவர்கள் யாரோடும் சாப்பிடலாம். இதைத் திரூதிக்கு விளக்கினேன். அவள் உடனே தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சின்ன மேசைக்குப் போய்விட்டாள். நேத்தா தன் பெஞ்சை இழுத்துப் போட்டாள். நான் கடைசியாகப் போனேன். நெருக்கம்தான், முழங்கை இடிக்கிறது. உங்கள் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

இந்த ஊர் எத்தனை நாள் நம்மைத் தாங்கும், தெரியாது. நாம் அதை எத்தனை நாள் தாங்குவோம், அதுவும் தெரியாது. அதை நேரில் பேசிக்கொள்வோம். சனிக்கிழமை பன் சுடுகிறேன். வாருங்கள்.

பெரிய மேசையை நகர்த்தவில்லை. நாலு விரல் இடைவெளி அப்படியே இருக்கிறது, விரிப்பும் ஒன்றேதான். மூப்பர் வந்தால் அங்கே உட்காரட்டும். காப்பி போட்டுக் கொடுப்பேன்.

சின்ன மேசையிலிருந்து,
யுஸ்தினா